சாம்பிள் இருக்கா, சார்?

இடையஞ்சாவடியில் செம்மண் பாதை ஓரமாக, முந்திரித் தோப்பு நிழலில் ஒரு லாரி நிற்கிறது. பழைய லேலண்டு காமெட். சக்கரங்களைக் கழற்றிவிட்டு அச்சுக்குக் கீழே கட்டை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் மரக்காணம் உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் பக்கம் போன வண்டி. மூட்டையிலிருந்து கசிந்த தண்ணீர் வழிந்த இடமெல்லாம் இரும்பு அப்பளம்போலப் பொரிந்திருக்கிறது. கடல் உப்பில் கொஞ்சம் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்தே வரும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் உப்பு லாரியின் அடிப்பக்கம் சித்திரை வெயிலிலும் முழுசாகக் காய்வதில்லை. சேசிஸின் குறுக்குச் சட்டத்தை ஸ்குரூ டிரைவரால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது.

வண்டிக்காரர் தன் அப்பா ஓட்டிய லாரியைப் பழையபடி ஆக்கிப் பார்க்க ஆசைப்படுகிறார். கீழே விரித்த கோணிமேல் புதிதாக வாங்கிய சாமான்கள் வரிசையாக இருக்கின்றன: ஒரு ஜோடி கிங்பின், அதற்கான புஷ், பிரேக் சிலிண்டர் ரப்பர், ஒரு ஸ்பிரிங் மெயின் பட்டை, ஒரு ரேடியேட்டர் மூடி. ஒன்று சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தது, ஒன்று பெயர் போன கம்பெனியின் அட்டைப்பெட்டியில் வந்தது, ஒன்று லேத்துப் பட்டறையில் கடைந்தது. “இதுல எது சார் ஒரிஜினல்?” என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடினால் சுமார் இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போக வேண்டியிருக்கிறது.

அதற்கு டெட்ராய்ட் வரை போக வேண்டாம். இதே உப்பு வழியில் தொடங்கலாம். சங்க காலத்தில் கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு வண்டி கட்டி எடுத்துப் போனவர்கள் உமணர்கள். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு இந்தத் திண்டிவனம் வட்டாரம்தான். அந்தப் பாட்டில் வரும் எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். உமணர் வண்டிகளும் அதில் வருகின்றன. நமக்கு வேண்டிய சாட்சி மட்டும் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஔவையார் ஓர் உவமை தேடுகிறார். சிங்கம் புலி என்று போகாமல், உப்பு வண்டியின் அடியில் குனிந்து பார்க்கிறார். காளைகள் இளசு, பாரமோ அதிகம், வழியில் எங்கே பள்ளம் எங்கே மேடு என்று யாருக்கும் தெரியாது. ஆகவே உமணர்கள் வண்டிக்குக் கீழே இன்னோர் அச்சைக் கட்டி எடுத்துப் போகிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. அந்த மாற்று அச்சுப் போன்றவன் நீ என்கிறார் ஔவை. ஒரு ஸ்பேர் பார்ட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை எந்த இலக்கியத்தில் கிடைத்திருக்கும்!

சேம அச்சில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு தச்சர் ஒரு வண்டிக்கு அளந்து செதுக்குவது அது. பக்கத்து வண்டியின் சக்கரக் குடத்தில் அது நுழையும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பார்க்காத வண்டிக்கும் பொருந்துகிற சாமான் என்ற யோசனை வர மனிதர்களுக்கு இன்னும் ஆயிரத்தெழுநூறு ஆண்டு பிடித்தது. அதுவும் வண்டிக்காக வரவில்லை, துப்பாக்கிக்காக வந்தது.

1785இல் பாரிசில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஒனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கொல்லரைப் பார்க்கப் போனார். கழற்றிப் போட்டிருந்த துப்பாக்கி விசைகளின் குவியலிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தானே பூட்டிப் பார்த்தார். எல்லாம் பூட்டிக்கொண்டது. அசந்துபோய் ஊருக்குக் கடிதம் எழுதினார். பிரான்சில் கைவினைஞர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆளுக்கொரு கைத்திறன் இருக்கும்போது எதற்கு எல்லாம் ஒரே மாதிரி? யோசனை கப்பலேறி அமெரிக்கா போனது. அங்கே பருத்தி எந்திரம் செய்து பெயர் வாங்கிய எலி விட்னி, 1798இல் 10,000 துப்பாக்கி செய்து தருவதாக அரசிடம் ஒப்பந்தம் போட்டார். 1801இல் தலைவர்கள் முன்னால் விசைகளைக் கழற்றி மாற்றிப் பூட்டிக் காட்டிக் கைதட்டல் வாங்கினார். பின்னாளில் அவருடைய துப்பாக்கிகளை ஆராய்ந்தவர்கள் வேறு கதை சொன்னார்கள். பாகங்கள் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்தவில்லை. எது எதற்கு என்று அடையாளம் போட்டு வைத்திருந்தது. மாற்றுச் சாமான் வரலாற்றின் முதல் பெரிய விளம்பரத்திலேயே கொஞ்சம் கண்கட்டு இருந்திருக்கிறது.

சாமான் பொருந்த வேண்டுமானால் முதலில் அதைப் பிடிக்கிற போல்ட் பொருந்த வேண்டும். 1841 வரை இங்கிலாந்தில் பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஜோசப் விட்வொர்த் எல்லாரிடமிருந்தும் போல்ட்டுகளை வாங்கி அளந்து, சராசரி எடுத்து, மரையின் கோணம் 55 பாகை என்று வகுத்தார். ரயில்வேக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், நாடே அதற்கு வந்தது. 1864இல் அமெரிக்காவின் வில்லியம் செல்லர்ஸ், 55 பாகையை அளந்து வெட்டுவது கஷ்டம் என்று சொல்லி 60 பாகை ஆக்கினார். ஐரோப்பாக் கண்டத்தில் மில்லிமீட்டர் மரை தனி வழி போனது. அரை அங்குல போல்ட்டில் ஆங்கிலேயருக்கு ஓர் அங்குலத்துக்கு 12 சுற்று, அமெரிக்கருக்கு 13. ஒன்றில் மற்றதன் நட்டைப் போட்டால் இரண்டு சுற்று இனிமையாக ஏறும், பிறகு இறுகும். அதையும் மீறி ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் திருகுபவர்களுக்காகத்தான் ‘மரை கழண்ட கேஸ்’ என்ற பட்டம் நம் ஊரில் இருக்கிறதோ என்னவோ. விட்வொர்த்துக்கும் செல்லர்சுக்கும் நடந்த இந்தப் பங்காளிச் சண்டை தீர, இரண்டு உலகப் போர் முடிந்து 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பழைய மெக்கானிக்குகளின் பெட்டியில் மூன்று வகை ஸ்பேனர் செட் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது மோட்டார் காலம். ஆரம்ப கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. குதிரை லாட ஆணிகள் சிதறிக் கிடந்த சாலைகளில் டயர் பஞ்சரானால் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற தகர ஆலை ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் ஒரு வழி கண்டார்கள். காற்றடித்த டயரோடு ஒரு வளையம்; பஞ்சரான சக்கரத்தின்மேல் அப்படியே மாட்டிக் கவ்வவைத்து ஓட்டிப் போகலாம். கார் செய்தவர் தராததைக் கடைக்காரர் செய்து விற்ற தொடக்ககாலப் பெரிய வெற்றி இது. அவர்கள் தொழிற்கூடம் இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. சாமானுக்கும் அதே பெயர். அந்தக் கம்பெனி போய்விட்டது, அந்த வளையமும் போய்விட்டது. லனெல்லி எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் மரக்காணத்தில் லாரி ஓட்டுகிற எவரிடமும் ‘மாற்றுச் சக்கரம்’ என்று சொல்லிப் பாருங்கள், ஒரு கணம் விழிப்பார்; ‘ஸ்டெப்னி’ என்றால் உடனே எடுத்து வருவார். மால்டா தீவிலும் அதே பெயர்தான். பிரேசிலில் ‘எஸ்டெப்பே’.

1908இல் லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் ஒரு வேடிக்கை நடந்தது. மூன்று காடிலாக் கார்களை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, பாகங்களைக் கலந்து, சிலவற்றை எடுத்துவிட்டு விற்பனையாளரின் இருப்பிலிருந்து வேறு பாகங்களைப் போட்டார்கள். பிறகு சாதாரண ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் வைத்து மூன்று கார்களைப் பூட்டினார்கள். பாகத்துக்கு ஒரு நிறம் என்று கோமாளிச் சட்டை போட்டதுபோல அவை கிளம்பி, 500 மைல் ஓடிக் காட்டின. விட்னி மேடையில் காட்டியதை 107 ஆண்டு கழித்துக் காடிலாக் நிஜமாகவே செய்துவிட்டது. அதே ஆண்டு ஃபோர்டு தன் மாடல் டி காரை வெளியே விட்டார். 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டி. ஒன்றரைக் கோடி வண்டி ஒரே அளவில் இருந்தால், அதற்கு விளக்கும் டயரும் செய்து விற்க ஃபோர்டின் அனுமதி எதற்கு? 1909இல் கான்சாஸ் சிட்டியில் ஜார்ஜ் பெப்பர்டைன் என்ற இளைஞர் 5 டாலருக்குத் தபால்தலை வாங்கிக் கார் சொந்தக்காரர்களுக்கு விலைப்பட்டியல் அனுப்பினார். அந்தக் கடை வெஸ்டர்ன் ஆட்டோ என்ற பெரும் நிறுவனமானது. அந்தப் பணத்தில் 1937இல் அவர் தொடங்கிய கல்லூரிதான் இன்று கலிஃபோர்னியாவில் கடலைப் பார்த்து நிற்கும் பெப்பர்டைன் பல்கலைக்கழகம். கார் சாமான் விற்ற காசில் ஒரு சரஸ்வதி கோயில்.

ஒரு விபத்து இந்தக் கதையைக் கிழக்கே தள்ளியது. 1923 செப்டம்பர் 1 அன்று டோக்கியோவைப் பூகம்பம் சிதைத்தது. டிராம் பாதைகள் முறுக்கிக்கொண்டன. நகராட்சி அவசரமாக ஃபோர்டு டி.டி. லாரி சேசிஸ்களை வரவழைத்து, மேலே பெட்டி கட்டிப் பஸ்ஸாக ஓட்டியது. சந்தை இருக்கிறது என்று தெரிந்ததும் 1925இல் ஃபோர்டு யோகோஹாமாவிலும், 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாகாவிலும் வண்டி பூட்டத் தொடங்கின. பத்தே ஆண்டில், தறி எந்திரம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த கீச்சிரோ டொயோடா தன் முதல் லாரியை வடிவமைக்க உட்கார்ந்தார். எஞ்சினுக்கு செவ்ரோலெட்டைப் பார்த்தார், சேசிஸுக்கு ஃபோர்டைப் பார்த்தார். கையாலாகாமல் காப்பி அடித்தார் என்று எண்ண வேண்டாம், கணக்கு இருந்தது. வண்டி வழியில் நின்றால் ஜப்பானின் எந்த ஊரிலும் ஃபோர்டு, செவ்ரோலெட் சாமான் கிடைக்கும். அதைப் போட்டு ஓட்டிப் போகலாம். 1935இல் வந்த அந்த ஜி1 லாரி அடிக்கடி நின்றது என்பதால் அந்தக் கணக்கு பலித்தது. உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, அடுத்தவன் ஸ்பேர் பார்ட்டை நம்பிப் பிறந்திருக்கிறது.

நம் பக்கம் என்ன நடந்தது? சென்னையில் 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம், குதிரை போய் எஞ்சின் வந்ததும் தானும் மாறிக்கொண்டது. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். பஸ் ஓட்டிய கையோடு பட்டறையும் சாமான் கடையும் வைத்தது. 1926இல் ஃபோர்டு இந்தியாவுக்கு வந்தது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய் சிவ்ரியில் செவ்ரோலெட் பூட்டத் தொடங்கியது. வண்டி கப்பலில் துண்டு துண்டாக வரும். சாமானும் கப்பலிலேயே வரும். கப்பல் வராத நாளில்தான் கெட்டிக்காரத்தனம் வெளியே வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, கரியை எரித்து வாயு எடுத்து பஸ் ஓட்டும் கருவியை டி.வி.எஸ். செய்து விற்றது. வண்டி வெளிநாட்டிலிருந்து வரலாம். அதை ஓடவைப்பது உள்ளூர்க்காரன் பாடு என்ற பழக்கம் அப்போதே ஊறிவிட்டது.

அதே போரில் இன்னொரு காப்பியும் பிறந்தது. 1940இல் அமெரிக்க ராணுவம் சிறு வண்டி ஒன்று கேட்டது. பென்சில்வேனியாவின் பாண்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாளில் செய்து கொடுத்தது. ராணுவம் அதன் வரைபடத்தை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டிப் பெரிய ஆர்டரை அவர்களுக்கே கொடுத்துவிட்டது. அதுதான் ஜீப். இரண்டு கம்பெனியும் ஆறு லட்சத்துக்கு மேல் செய்தன. எல்லாப் பாகமும் ஒன்றுக்கொன்று மாறிப் பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியானால் உடைந்த பாகம் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபோர்டு தன் போல்ட்டின் தலையில்கூட ‘எஃப்’ என்று பொறித்தது. இன்று அமெரிக்காவில் பழைய ஃபோர்டு ஜீப்பைச் சீர்செய்கிறவர்கள் அந்த ‘எஃப்’ போல்ட்டைத் தேடி அலைகிறார்கள். தேடுகிறார்கள் என்று தெரிந்ததும், புதிதாக ‘எஃப்’ பொறித்த போல்ட்டைச் செய்து விற்கவும் ஆள் வந்துவிட்டார்கள்.

போர் முடிந்தது. ராணுவம் விட்டுப்போன செவ்ரோலெட், ஃபோர்டு, டாட்ஜ் லாரிகள் ‘டிஸ்போசல்’ என்ற பெயரில் ஏலத்துக்கு வந்தன. அவை நம் ஊர்களில் பஸ்ஸாகவும் மர லாரியாகவும் மறுபிறவி எடுத்தன. அந்த நேரத்தில்தான் பெரிய திருப்பம். 1953இல் சுங்கவரி ஆணையம், இங்கே பாகங்களையும் தயாரிக்கிற திட்டம் இல்லாதவர்கள் வெறுமனே வண்டி பூட்ட வேண்டாம் என்று பரிந்துரைக்க, அரசு அதை ஏற்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டின. ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை அப்பன் இல்லாத பிள்ளைகளாக விட்டுவிட்டார்கள். இறக்குமதிக்குக் கெடுபிடி. சாமான் கேட்டால் கையை விரிக்கும் நிலை. வண்டியோ நிற்க முடியாது; நின்றால் உப்பும் நெல்லும் நிற்கும். அப்போதுதான் லேத்துப் பட்டறைக்கும் வார்ப்படக் கூடத்துக்கும் யோகம் அடித்தது.

இன்னொரு பக்கம், முறையான வழியும் திறந்தது. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி ஆஸ்டின் கார் பூட்டிய ஆலை, சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து, 1955இல் அசோக் லேலண்டு ஆனது. காமெட் லாரி அதன் பிள்ளை. 1954இல் டாடா, டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ‘டாடா பென்ஸ்’ லாரியை விட்டது. 15 ஆண்டு ஒப்பந்தம் முடிந்து, 1969இல் முகப்பில் இருந்த நட்சத்திரம் போய் ‘டி’ வந்தது. ஆனால் மில்லிமீட்டர் மரை அப்படியே தங்கிவிட்டது. இந்த லாரிகளுக்குப் பாகம் கொடுக்க ஒரு பட்டாளமே கிளம்பியது. 1949இல் சென்னைச் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். சென்னையின் பாடிப் பகுதியில் 1960களில் வரிசையாக வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். பெரும்பாலானவை வெளிநாட்டு வரைபடத்தையோ தொழில்நுட்பத்தையோ காசு கொடுத்து வாங்கித் தொடங்கின. காசு கொடுக்க முடியாதவர்கள் சாம்பிளைப் பார்த்துச் செய்தார்கள். இரண்டுமே ஒன்றைப் பார்த்து இன்னொன்றைச் செய்வதுதான். ஒன்றில் வரைபடம் கையில் இருந்தது. மற்றதில் தேய்ந்த சாமான்தான் கையில் இருந்தது.

அந்த வித்தியாசம் சின்னதல்ல. இடையஞ்சாவடிக் கோணிமேல் கிடக்கும் கிங்பின்னைக் கையில் எடுங்கள். முன் அச்சில் சக்கரம் திரும்புவதற்கு நிற்கும் இரும்பு முளை இது. நடுப்பகுதி அச்சின் கண்ணுக்குள் அசையாமல் இறுகியிருக்கும். மேலும் கீழும் வெண்கலப் புஷ்ஷில் உரசிக்கொண்டே இருக்கும். பழைய முளையை நடுவில் அளந்தால் பிறந்தபோது இருந்த அளவு கிடைக்கும். மேலேயோ கீழேயோ அளந்தால் கிழடான அளவு கிடைக்கும். அவசரக்கார லேத்துக்காரர் தேய்ந்த இடத்தை அளந்து கடைந்தால், புத்தம் புது சாமான் பிறக்கும்போதே கிழடாகப் பிறக்கும். ஸ்டியரிங் ஆடும். வார்ப்படத்தில் வேறொரு வினை. உருகிய வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு போலச் சுருங்கும். 300 மில்லிமீட்டர் நீளமுள்ள பாகத்தையே அச்சாக மணலில் அழுத்தி வார்த்தால், வருவது 3 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். அதைப் பார்த்து இன்னொருவர் வார்த்தால் இன்னும் 3 குறையும். கோவையில் வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் இதற்காகவே சற்றுப் பெரிதாகப் பிரித்த தனி அளவுகோலை வைத்து மர அச்சு செதுக்குவார்கள். காப்பிக்குக் காப்பி எடுத்தால் சாமான் சுருங்கிக்கொண்டே போகும் என்பது கதைக்குச் சொல்வதல்ல, உலோகத்தின் குணம்.

இந்தத் தொழிலின் சந்தைகள் தனி உலகம். டில்லிக்குக் காஷ்மீரி கேட், கொல்கத்தாவுக்கு மல்லிக் பஜார், கோவைக்கு உக்கடம். சென்னையில் புதுச் சாமானுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய சாமானுக்குக் கூவம் ஓரத்துப் புதுப்பேட்டை. புதுப்பேட்டையைப் பற்றி எத்தனையோ நையாண்டிக் கதை உண்டு. ஆனால் அங்கே ஒரு வண்டியைப் பிரிக்கிற அழகைப் பார்த்தால், புரூக்லண்ட்ஸ் வேடிக்கை தினசரி நடப்பது தெரியும். டைனமோ ஒரு கடைக்கு, கியர் பாக்ஸ் ஒரு கடைக்கு, கண்ணாடி ஒரு கடைக்கு. கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி வண்டி எந்த வருஷம் என்பதல்ல. “சாம்பிள் இருக்கா, சார்?” பழைய சாமானை நீட்டினால் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று விரலாலேயே படித்து, பரண்மேல் ஏறி ஒன்றை எடுத்துப் போடுவார். பிறகு மூன்று விலை சொல்வார்: ஜெனியூன், லோக்கல், செகண்ட் ஹேண்ட்.

‘லோக்கல்’ செய்ய அவனுக்கு என்ன உரிமை என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்வி லண்டன் பிரபுக்கள் சபை வரை போயிருக்கிறது. போனது நம் லேலண்டின் தாய்வீட்டுப் பெயரில்தான் என்பது வேடிக்கை. ஆர்ம்ஸ்ட்ராங் என்ற நிறுவனம் மாரிஸ் கார்களுக்கு ஏற்ற சைலன்சர் குழாயைப் பார்த்துச் செய்து விற்றது. எங்கள் வரைபடத்தின் பதிப்புரிமை எங்களுடையது, பங்கு கொடு என்றது பிரிட்டிஷ் லேலண்டு. 1986இல் தீர்ப்பு வந்தது. கார் வாங்கியவருக்கு அதைப் பழுது பார்த்து ஓட்டும் உரிமையும் சேர்ந்தே வருகிறது, மாற்றுச் சாமான் கிடைக்காமல் தயாரித்தவர் தடுக்கக் கூடாது என்றார்கள் பிரபுக்கள். துரு தின்று மூன்றாம் வருஷமே ஓட்டை விழும் ஒரு குழாய், பழுது பார்க்கும் உரிமைக்கு உலகம் அறிந்த உதாரணமானது.

1990களின் தொடக்கத்தில் சக்கரம் முழுசாகச் சுற்றி வந்தது. இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி செய்துகொண்டிருந்த ஆலையின் எந்திரங்களைச் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. சிவ்ரியை மூடிவிட்டுப் போன அதே ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்னையிலிருந்து மூடி போகத் தொடங்கியது. இப்போது சொல்லுங்கள், அந்த அமெரிக்க வண்டிக்கு எது ஒரிஜினல் மூடி? பிலிப்பைன்ஸிலும் இதே கதை. போருக்குப் பின் அமெரிக்கர் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி ஜீப்னி ஆக்கினார்கள். அங்கே தகரம் அடிக்கக் கற்ற கைகள் இன்று முழு ஜீப் பாடியையே புதிதாகச் செய்து, அமெரிக்காவில் பழைய ஜீப்பைச் சீர்செய்கிறவர்களுக்குக் கப்பலில் அனுப்புகின்றன. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த என்ஃபீல்டு புல்லட் அங்கே நின்றுபோய் திருவொற்றியூரில் வாழ்ந்தது. பழைய ஆங்கிலேய புல்லட் வைத்திருப்பவர் இன்று சாமானுக்குச் சென்னையைப் பார்க்கிறார்.

இடையஞ்சாவடிக்குத் திரும்புவோம். பழைய லாரியைச் சீர்செய்ய இறங்கியவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும். பிஸ்டன், கிளட்ச், பிரேக் ரப்பர் எல்லாம் கிடைத்துவிடும். கதவுக் கைப்பிடியும் மீட்டரின் கண்ணாடியும் கிடைக்காது. ஏனென்றால் இல்லாவிட்டால் வண்டி நின்றுபோகும் சாமானைத்தான் அறுபது வருஷமாக எல்லாரும் செய்தார்கள். அழகுச் சாமானைச் செய்ய யாருக்கும் அவசரமில்லை. இன்னொரு ஆச்சரியம்: நம் பழைய லாரிகளில் கேபினுக்கு ‘கம்பெனி ஒரிஜினல்’ என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது. லேலண்டும் டாடாவும் பல பத்தாண்டுகள் விற்றது சேசிஸும் முகப்பும்தான். மரச்சட்டம் வைத்துக் கேபினும் பாடியும் கட்டியது நாமக்கல் போன்ற ஊர்களின் தச்சர்களும் டிங்கர்களும். ஆகவே இன்று ஒரு தச்சர் அதே மாதிரி கட்டினால் அதைக் காப்பி என்று சொல்ல முடியாது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார், அவ்வளவுதான்.

2021இல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது, நம்பரில் ‘வி.ஏ.’ என்று வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வணிகத்துக்குப் பயன்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. சம்பாதித்துப் போட்டே கிழடான லாரிக்கு அதில் நல்ல இடமில்லை என்பது என் மனக்குறை.

வண்டிக்காரரின் கேள்விக்கு என் பதில் இது. காப்பி என்பது குற்றமில்லை. உமணர் தச்சர் முதல் அச்சைப் பார்த்துத்தான் சேம அச்சைச் செதுக்கியிருப்பார். அடுத்தவர் பெயரை அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்பது மட்டுமே குற்றம். பிரேக், ஸ்டியரிங் சாமான்களை, செய்தவர் தன் பெயரைத் தைரியமாகப் போட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். இரண்டு காசு கூடப் போனால் போகட்டும். கைப்பிடியும் தகரமும் மரமும் உள்ளூர்க் கைகளிடம் கொடுங்கள். அவர்கள்தான் அதற்கு அசல். முக்கியமாக, கழற்றிய பழைய சாமானை, எவ்வளவு துருவேறியிருந்தாலும், எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துணியில் சுற்றி, எந்த வண்டி, எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். நாளைக்கு ஒருவர் அதே லாரியோடு வந்து நிற்கும்போது கடைக்காரர் கேட்கப்போவது அதைத்தான்.